சீருடையில் இருந்தவர் சுட்டால் சட்டம் என்ன சொல்கிறது?

வாசகர் கேள்வி – சட்டத்தரணி பதில்

இம்மாதம் எமக்குக் கிடைத்த கடிதங்களில் பல, பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழப்பு நேர்ந்தால் சட்டம் யாரை, எந்த அளவுக்குப் பொறுப்பாக்குகிறது என்பதையே வெவ்வேறு விதமாகக் கேட்டிருந்தன. ஆகவே இப்பகுதி முழுவதையும் அந்த ஒரு விடயத்துக்கே ஒதுக்கியுள்ளோம். கேட்டவர்களின் பெயர்களும், சம்பவங்களை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களும் நீக்கப்பட்டுள்ளன. இங்கே தரப்படுவது பொதுவான விளக்கமே. வழக்கு உள்ளவர்கள் தமது ஆவணங்களுடன் ஒரு சட்டத்தரணியை நேரில் காண வேண்டும்.

கேள்வி: என் தங்கையின் கணவர் இரவில் மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும்போது, வீதிச் சோதனையில் நிற்காமல் சென்றார் என்று கூறிப் பொலிஸார் சுட்டதில் இறந்துவிட்டார். "நிற்கச் சொல்லியும் நிற்கவில்லை, அப்படிப்பட்டவரைச் சுடுவதற்குச் சட்டம் எங்களுக்கு அதிகாரம் தந்திருக்கிறது" என்று எங்களிடம் சொன்னார்கள். உண்மையாகவே அப்படி ஓர் அதிகாரம் உண்டா?
– வாசகி, திருக்கோவில்

பதில்: இல்லை. பொலிஸாரின் சைகைக்கு நிற்காமல் செல்வது குற்றமாக இருக்கலாம். ஆனால் அதற்குச் சட்டம் விதித்திருக்கும் தண்டனை மரணமல்ல. "நிற்கவில்லை, சுட்டோம்" என்ற வாசகத்தைப் போர்க்காலம் எங்கள் மாவட்டங்களின் காதுகளுக்குப் பழக்கப்படுத்திவிட்டதனால், அது ஏதோ சட்டப் பிரிவொன்றிலிருந்து எடுத்துச் சொல்லப்படுவது போலத் தோன்றுகிறது. பல்லாண்டுகள் நீடித்த அவசரகால நிலை 2011 ஆகஸ்டில் முடிவுக்கு வந்துவிட்டது. அதன் பின்னர் இடையிடையே பிரகடனப்படுத்தப்பட்ட குறுகிய காலங்களைத் தவிர, பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் வீதியில் துப்பாக்கியை உயர்த்தும்போது அவரை ஆள்வது சாதாரணச் சட்டம்தான்.

அந்தச் சாதாரணச் சட்டத்தில் முதலில் பார்க்க வேண்டியது 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 23 ஆம் பிரிவு. கைதுக்கு உடன்படாமல் பலவந்தமாக எதிர்ப்பவர் மீதும் தப்பியோட முயல்பவர் மீதும், கைது செய்வதற்கு நியாயமான அளவில் தேவைப்படும் வழிகளைப் பயன்படுத்தலாம் என்று அது அனுமதிக்கிறது. அதே பிரிவு, மரண தண்டனைக்குரிய குற்றம் சாட்டப்படாத ஒருவரின் உயிரைப் போக்கும் உரிமையைத் தான் எவருக்கும் அளிக்கவில்லை என்றும் சொல்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாதவர், தலைக்கவசம் அணியாதவர், மணல் ஏற்றிச் செல்பவர், மது அருந்தியிருந்து பயத்தில் வண்டியைத் திருப்பியவர் எவரும் மரண தண்டனைக்குரிய குற்றம் சாட்டப்பட்டவரல்லர்.

இரண்டாவது வாயில் தற்பாதுகாப்பு உரிமை. தண்டனைச் சட்டக்கோவை 89 ஆம் பிரிவிலிருந்து அதை விபரிக்கிறது. அந்த உரிமை பொலிஸாருக்கென்று தனியாக உருவாக்கப்பட்டதன்று. உங்களுக்கும் எனக்கும் உள்ள அதே உரிமைதான் அவர்களுக்கும் உள்ளது. தன் உயிருக்கோ பிறர் உயிருக்கோ உடனடி ஆபத்து இருந்தது என்ற நியாயமான அச்சம் இருந்திருக்க வேண்டும். பாதுகாப்புக்குத் தேவையான அளவை மிஞ்சிய தீங்கு இழைக்கப்பட்டிருக்கக் கூடாது. மோட்டார் சைக்கிள் உத்தியோகத்தரை நோக்கி வேகமாக வந்தபோது சுட்டதும், அவரைக் கடந்து ஐம்பது யார் தூரம் போன பின்னர் முதுகில் சுட்டதும் சட்டத்தின் முன் ஒன்றல்ல. ஆகவே உங்கள் மைத்துனரின் உடலில் சன்னம் எந்தப் பக்கத்தால் நுழைந்தது என்பதே இந்த வழக்கில் முதலாவது சாட்சி.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தான் சுட்டதை ஏற்றுக்கொண்டு, அது தற்பாதுகாப்புக்காக என்று சொல்பவரே அந்த விதிவிலக்கை நிரூபிக்க வேண்டும் என்கிறது சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 105 ஆம் பிரிவு. "அவர் தாக்க வரவில்லை என்பதை நீங்கள் நிரூபியுங்கள்" என்று உங்களிடம் எவரும் சொன்னால், அந்தப் பாரம் உங்களுடையதல்ல என்று தயங்காமல் பதில் சொல்லலாம்.

கொலைக்கு மரண தண்டனை. ஆனால் தண்டனைச் சட்டக்கோவையின் 294 ஆம் பிரிவின் 3 ஆம் விதிவிலக்கின்படி, பகிரங்க சேவையாளர் ஒருவர் நன்னம்பிக்கையுடன், பகைமை எதுவுமின்றி, தன் கடமைக்கு அது அவசியம் எனக் கருதித் தன் அதிகாரத்தை மீறி உயிரிழப்பை ஏற்படுத்தினால், அது கொலையாகாத குற்றமுறு மனிதக் கொலையாகக் குறையும். குறையுமே தவிர மறையாது: 297 ஆம் பிரிவின் கீழ் இருபது ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கப்படலாம். "கடமையில் இருந்தபோது நடந்தது" என்பதே ஒருவரை விடுவித்துவிடும் என்ற எண்ணம் எமது மக்களிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. சட்டத்தில் அதற்கு இடமில்லை.

2016 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் குளப்பிட்டிச் சந்தியருகே மோட்டார் சைக்கிளில் சென்ற இரண்டு பல்கலைக்கழக மாணவர்கள் இறந்தபோது, முதலில் அது வீதி விபத்தாகவே சொல்லப்பட்டது. பிரேத பரிசோதனையில் துப்பாக்கிச் சூட்டுக் காயம் தெரியவந்த பின்னரே ஐந்து பொலிஸ் உத்தியோகத்தர்கள் கைதானார்கள். அந்தப் பரிசோதனை மட்டும் கவனமாக நடந்திராவிட்டால் அது விபத்தாகவே கோப்பில் மூடப்பட்டிருக்கும். அடுத்த கேள்விக்கு விரிவாகப் பதில் சொல்வதற்கு இதுவே காரணம்.

கேள்வி: இப்படி ஒரு சம்பவம் நடந்தால் முதல் சில நாட்களில் குடும்பத்தார் என்ன செய்ய வேண்டும்? மரண விசாரணையில் எங்களுக்குப் பேச இடமுண்டா, அல்லது பொலிஸார் கொடுப்பதைக் கேட்டுக்கொண்டு இருக்க வேண்டியதுதானா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், வாழைச்சேனை

பதில்: பேச இடமுண்டு. சொல்லப்போனால், பிற்காலத்தில் வழக்கு நிற்பதும் விழுவதும் அந்த முதல் நாட்களில் எது பதிவாகியது என்பதைப் பொறுத்ததே. சட்டம் போதாது என்று நாம் அடிக்கடி குறைப்படுகிறோம். என் அனுபவத்தில் சட்டம் போதுமான அளவு இருக்கிறது, சம்பவத்தை விசாரிப்பவர்கள் சம்பவத்தில் சம்பந்தப்பட்டவர்களின் சக உத்தியோகத்தர்களாக இருப்பதுதான் கோளாறு. அதை ஒரு குடும்பத்தால் மாற்ற முடியாது. ஆனால் தடயங்கள் பொலிஸ் நிலையத்துக்குள்ளேயே தங்கிவிடாமல் நீதவானின் வழக்கேட்டில் ஏறும்படி செய்ய முடியும்.

பொலிஸ் காவலில் இருந்தபோது ஒருவர் இறந்தால், பொறுப்பதிகாரி உடனடியாக நீதவானுக்கு அறிவிக்க வேண்டும். நீதவான் சடலத்தைப் பார்வையிட்டு மரணத்துக்கான காரணத்தை விசாரிக்க வேண்டும். இது நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 371 ஆம் பிரிவு. வீதியில் சுடப்பட்டவர் "காவலில்" இருந்தாரா என்பதில் வாதத்துக்கு இடமிருப்பதால், சில வேளைகளில் திடீர் மரண விசாரணை அதிகாரியைக் கொண்டு 370 ஆம் பிரிவின் கீழ் விசாரணை நடத்தி முடித்துவிடப் பார்ப்பார்கள். ஊரில் மதிப்புள்ள அந்த அதிகாரிகளைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. பொலிஸாரே சந்தேக நபர்களாக உள்ள ஒரு மரணத்தை அவர்களிடம் ஒப்படைப்பது அவர்களுக்கே நியாயமன்று. ஆகவே சட்டத்தரணி ஒருவர் மூலம் உடனடியாக நீதவான் முன்னிலையில் தோன்றி, நீதவானே சம்பவ இடத்துக்கு வந்து விசாரணையை நடத்த வேண்டும் என்று விண்ணப்பியுங்கள். பாதிக்கப்பட்ட தரப்பு நீதிமன்றத்தில் சட்டத்தரணி மூலம் தோன்றுவது 260 ஆம் பிரிவு தந்திருக்கும் உரிமை. அது யாருடைய தயவும் அல்ல. வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்தை நாடலாம்.

பிரேத பரிசோதனையைச் சட்ட வைத்திய அதிகாரி ஒருவர் நடத்த வேண்டும் என்றும், அதற்கு முன்னர் ஊடுகதிர்ப் படம் எடுக்கப்பட வேண்டும் என்றும் கேளுங்கள். சன்னம் நுழைந்த காயம் எது, வெளியேறிய காயம் எது, எந்தக் கோணத்தில் பாய்ந்தது, ஏறத்தாழ எவ்வளவு தூரத்திலிருந்து சுடப்பட்டது என்பன அறிக்கையில் இருக்க வேண்டும். தூரத்தைக் கணிக்க உதவுவது பெரும்பாலும் ஆடையில் படிந்த வெடிமருந்துத் துகள்களே. ஆனால் எமது வீடுகளில் நடப்பது என்ன? வைத்தியசாலையில் பையில் போட்டுக் கொடுக்கப்பட்ட இரத்தம் தோய்ந்த சேர்ட்டை, பார்க்கச் சகிக்காமல் யாரோ ஒரு மாமியோ சித்தியோ கழுவிவிடுகிறார், அல்லது எரித்துவிடுகிறார். அந்தத் துணியை அப்படியே உலரவிட்டுக் கடதாசிப் பையில் வைத்து நீதிமன்றத்தில் ஒப்படைக்க வேண்டும்.

சடலத்தைத் தகனம் செய்ய வேண்டாம், நல்லடக்கம் செய்யுங்கள். 2021 ஜூன் மாதத்தில் மட்டக்களப்பு இருதயபுரத்தைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் பொலிஸ் காவலில் இறந்த விடயத்தில், அடக்கம் செய்யப்பட்ட சடலத்தைத் தோண்டியெடுத்து இரண்டாவது பரிசோதனை நடத்த நீதிமன்றம் உத்தரவிட முடிந்தது. அது துப்பாக்கிச் சூடு அல்ல என்றாலும் பாடம் ஒன்றுதான். தகனம் செய்யப்பட்டிருந்தால் கேட்பதற்கு எதுவும் மிஞ்சியிருக்காது.

துப்பாக்கி யாருடையது, அன்றைய தினம் அது யாருக்கு வழங்கப்பட்டது, எத்தனை தோட்டாக்கள் கொடுக்கப்பட்டன, எத்தனை திரும்பி வந்தன என்பவை எல்லாம் பொலிஸ் நிலையப் பதிவேடுகளில் எழுதப்படுபவை. அந்தப் பதிவேடுகளை நீதிமன்றம் பொறுப்பேற்க வேண்டும் என்றும், துப்பாக்கியையும் வெற்றுத் தோட்டாக்களையும் அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்கு அனுப்ப வேண்டும் என்றும், விசாரணையைச் சம்பந்தப்பட்ட பொலிஸ் நிலையத்திடமிருந்து எடுத்துக் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் போன்ற வேறொரு பிரிவிடம் கொடுக்க வேண்டும் என்றும் முதல் தவணையிலேயே விண்ணப்பியுங்கள். கடைகளின் கண்காணிப்புக் கமராப் பதிவுகள் சில நாட்களில் தாமாகவே அழிந்துவிடும் என்பதால், அருகிலுள்ள கடைக்காரரிடம் அன்றே பேசுங்கள். அவர் தர அஞ்சினால் வற்புறுத்தாமல், கமரா இருக்கிறது என்பதை மட்டும் நீதவானுக்குத் தெரியப்படுத்தினால் போதும்; நீதிமன்றக் கட்டளை வந்தால் அவருக்கும் மறைவு கிடைக்கும்.

வாக்குமூலம் பற்றி ஒரு சொல். அம்பாறை மாவட்டத்தில் பலர் தமிழில் சொன்னதைச் சிங்களத்தில் எழுதி, அதன் கீழ்க் கையொப்பம் வாங்கும் வழக்கம் இன்னும் முற்றாக ஒழியவில்லை. வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிர்வாக மொழி என்று அரசியலமைப்பு சொல்கிறது. எழுதியதை உங்களுக்கு விளங்கும் மொழியில் வாசித்துக் காட்டும்வரை கையொப்பமிடாதீர்கள். தமிழில் எழுதுமாறு கேளுங்கள். மறுத்தால், மறுத்த உத்தியோகத்தரின் இலக்கத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, உங்கள் கூற்றைச் சத்தியக்கடதாசியாகச் சட்டத்தரணி மூலம் நீதிமன்றத்தில் சமர்ப்பியுங்கள்.

கேள்வி: சுட்டவரை வேறு மாவட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். "தண்டித்துவிட்டோம்" என்கிறார்கள். இது தண்டனையா?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: இடமாற்றம் ஒரு நிர்வாக நடவடிக்கை. அவர் அங்கேயும் அதே சம்பளத்தோடும், பெரும்பாலும் அதே துப்பாக்கியோடும் கடமை புரிவார். பணி இடைநிறுத்தம் அதைவிடப் பாரதூரமானது. ஆனாலும் அது விசாரணை முடியும்வரையான ஏற்பாடே. ஒழுக்காற்று விசாரணைக்குரிய அதிகாரம் அரசியலமைப்பின்படி தேசிய பொலிஸ் ஆணைக்குழுவிடம் உள்ளது, பொதுமக்களின் முறைப்பாடுகளை ஏற்று விசாரிக்க வேண்டிய கடமையும் அதற்கு உண்டு. பதவி இழப்பு வரை அங்கே செல்லலாம். சிறைத் தண்டனை விதிக்க அதற்கு அதிகாரமில்லை. அது நீதிமன்றத்தின் வேலை.

கைது நடக்க முடியாத காரியமன்று என்பதற்குத் தூரத்துக்குப் போகத் தேவையில்லை. 2021 ஜூன் 21 அன்று மட்டக்களப்பு நகரில் இராஜாங்க அமைச்சர் ஒருவரின் இல்லத்துக்கு முன்பாக, அவருடைய பாதுகாப்புக் கடமையில் இருந்த பொலிஸ் உத்தியோகத்தர் சுட்டதில் ஒருவர் உயிரிழந்தார். அந்த உத்தியோகத்தர் கைது செய்யப்பட்டு விளக்கமறியலில் வைக்கப்பட்டார். ஓர் அமைச்சரின் பாதுகாவலரைக் கைது செய்ய முடிந்ததென்றால், வீதிச் சோதனையில் நின்ற சார்ஜண்டைக் கைது செய்ய முடியாததற்குச் சட்டக் காரணம் எதுவும் இருக்க முடியாது.

கேள்வி: பத்திரிகைகள் பொலிஸாரை மட்டுமே குறை சொல்கின்றன. சுடப்படுபவர்களில் பலர் போதைப்பொருள் வியாபாரிகள், பாதாள உலகத்தினர். ஊரைக் கெடுப்பவர்களை ஒழித்தால் மக்கள் நிம்மதியடைகிறார்கள். இதில் சட்டம் ஏன் குறுக்கே நிற்க வேண்டும்?
– வாசகர், செங்கலடி

பதில்: உங்கள் கோபத்தின் நியாயத்தை நான் மறுக்கவில்லை, பிள்ளைகளை ஐஸ் போதைக்குப் பறிகொடுத்த தாய்மாரை நானும் அறிவேன். ஆனாலும், தகுதியுடைய நீதிமன்றமொன்றின் கட்டளையின்றி எவரையும் மரணத்தால் தண்டிக்கக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 13(4) ஆம் உறுப்புரை. நீதிமன்றங்கள் மரண தண்டனை விதித்தும்கூட 1976 ஆம் ஆண்டுக்குப் பின்னர் இந்த நாடு எவரையும் தூக்கிலிட்டதில்லை. வழக்கு நடத்தி, சாட்சியங்களைச் சோதித்து, மேன்முறையீடும் முடிந்து விதிக்கப்பட்ட தண்டனையையே நிறைவேற்றத் தயங்கும் அரசு, விசாரணையே இல்லாமல் ஒருவரை வீதியோரத்தில் கொல்வதை ஏற்க முடியுமா?

ஒரு விடயத்தை நீங்கள் கவனித்திருப்பீர்கள். "மறைத்து வைத்த ஆயுதத்தைக் காட்டுவதற்காக அழைத்துச் சென்றபோது தாக்க முற்பட்டார், பதிலுக்குச் சுட்டதில் இறந்தார்" என்ற விளக்கம் ஆண்டுக்கணக்காக ஏறத்தாழ மாறாமல் வருகிறது. 2020 ஒக்டோபரில் கொழும்பு மாளிகாவத்தையிலும், 2021 மே மாதத்தில் சில நாட்களுக்குள் இரண்டு தடவையும் பொலிஸ் காவலில் இருந்த சந்தேக நபர்கள் இவ்வாறு ஆயுதமோ போதைப்பொருளோ தேடப்போன இடத்தில் கொல்லப்பட்டார்கள். காவலில் இருந்தவர் என்பதால் இவற்றுக்கு 371 ஆம் பிரிவு எந்தச் சந்தேகமுமின்றிப் பொருந்தும். இன்னொரு கோணமும் உண்டு: இப்படி இறப்பவர்கள், தமக்குப் பொருளை விற்றவர் யார், தம்மிடம் பங்கு வாங்கிய அரசியல்வாதி யார், தகவல் கொடுத்த உத்தியோகத்தர் யார் என்பதையெல்லாம் தெரிந்தவர்கள். அவர்களுடைய மரணத்தால் யார் நிம்மதியடைகிறார் என்பதை ஊரை மட்டும் வைத்துத் தீர்மானிக்க வேண்டாம்.

கேள்வி: ஊர்ப் பெரியவர்கள் மூலமாக எங்களுக்கு ஒரு தொகைப் பணம் தருவதாகச் சொல்கிறார்கள். "பிள்ளைகளின் எதிர்காலத்தைப் பாருங்கள், வழக்கு ஒன்றும் வேண்டாம் என்று ஒரு கடிதத்தில் கையொப்பமிடுங்கள்" என்கிறார்கள். என் மகளும் மூன்று சிறு பிள்ளைகளும் என்னோடுதான் இருக்கிறார்கள். வாங்கினால் வழக்கு முடிந்துவிடுமா? வாங்காவிட்டால் ஆபத்து வருமா?
– ஒரு தந்தை, கல்முனை

பதில்: ஐயா, கொலையும் கொலையாகாத குற்றமுறு மனிதக் கொலையும் தரப்பினர் தமக்குள் சமரசம் செய்து முடிக்கக்கூடிய குற்றங்களல்ல. இணக்க சபைக்கும் அதில் அதிகாரமில்லை, கோயில் நிர்வாகத்துக்கோ பள்ளிவாசல் நிர்வாகத்துக்கோ இல்லை. வழக்கைத் தொடர்வது சட்டமா அதிபர். நீங்கள் எழுதிக் கொடுக்கும் கடிதம் அவரைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அந்தக் கடிதம் வேறொரு வேலையைச் செய்யும்: பின்னர் நீங்கள் சாட்சிக் கூண்டில் ஏறும்போது எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அதை உங்கள் முன் நீட்டி, "அன்று ஒன்று சொன்னீர்கள், இன்று வேறொன்று சொல்கிறீர்கள்" என்பார். ஆகவே எந்தக் கடதாசியிலும், வெற்றுத் தாளிலும், மரணச் செலவுக்கு உதவி பெற்றதாகச் சொல்லும் பற்றுச்சீட்டிலும்கூட, உங்கள் சட்டத்தரணி பார்க்காமல் கையொப்பமிடாதீர்கள்.

பணம் தேவையில்லை என்று சொல்ல எனக்கு உரிமையில்லை; மூன்று பிள்ளைகளுக்குச் சோறு போட வேண்டியவர் நீங்கள். ஆனால் பணம் வருவதற்குச் சட்டத்தில் நேரான வழிகள் உண்டு. அடிப்படை உரிமை மனுவில் உயர் நீதிமன்றம் அரசையும் தனிப்பட்ட உத்தியோகத்தர்களையும் நட்டஈடு செலுத்தப் பணிக்கலாம். இறந்தவரின் மனைவி அவருக்காக மனுச் செய்யலாம் என்பதும், 13(4) ஆம் உறுப்புரையினுள் உயிர்வாழும் உரிமை உள்ளடங்கியிருக்கிறது என்பதும் ஸ்ரீயாணி சில்வா வழக்கில் உயர் நீதிமன்றம் 2003 இல் வழங்கிய தீர்ப்பில் நிலைநாட்டப்பட்டவை; அந்த வழக்கும் பொலிஸ் சித்திரவதைக்குப் பின்னர் விளக்கமறியலில் இறந்த ஒருவரின் மனைவி தொடுத்ததே. இதைவிட, மாவட்ட நீதிமன்றத்தில் அரசுக்கும் சுட்டவருக்கும் எதிராக நட்டஈட்டு வழக்கும் தொடரலாம். நீதிமன்றம் தரும் நட்டஈட்டை வாங்குவதால் குற்றவியல் வழக்கு முடிவதில்லை. ஒன்றை வாங்கியதற்காக மற்றதை விடச் சொல்ல எவருக்கும் அதிகாரமில்லை.

ஆபத்து பற்றிக் கேட்டீர்கள். பாதிக்கப்பட்டவர்களையும் சாட்சிகளையும் பாதுகாப்பதற்கு 2015 ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் வந்தது. இப்போது நடைமுறையில் இருப்பது 2023 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டம். சாட்சியை அச்சுறுத்துவது அதன் கீழ் தனிக் குற்றம். அதற்கென உள்ள தேசிய அதிகார சபையிடம் பாதுகாப்புக் கோரலாம். இந்தச் சட்டம் ஏன் தேவைப்பட்டது என்பதைக் கிழக்கு மாகாணத்தவருக்கு விளக்கத் தேவையில்லை. 2006 ஜனவரி 2 இல் திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்ட வழக்கில், குற்றம் சாட்டப்பட்ட விசேட அதிரடிப் படையினர் 13 பேரும் 2019 ஜூலையில் போதிய சாட்சியம் இல்லை என்று விடுவிக்கப்பட்டார்கள். சாட்சி சொல்ல வேண்டியவர்களில் பலர் அச்சத்தினால் நாட்டைவிட்டே போயிருந்தார்கள். உங்களை அணுகிய பெரியவர்கள் நல்லெண்ணத்தோடு வந்திருக்கலாம், அனுப்பப்பட்டும் வந்திருக்கலாம். எவ்வாறாயினும் வந்தவர்களின் பெயர், நாள், சொன்ன வார்த்தை ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். மிரட்டும் தொனி சிறிதளவு இருந்தாலும் அடுத்த தவணையில் நீதவானின் கவனத்துக்குக் கொண்டுவாருங்கள்.

கேள்வி: துக்கத்தில் இருந்ததால் எதுவும் செய்யவில்லை. ஒரு மாதம் கடந்துவிட்டால் எல்லாம் போய்விட்டதாகச் சொல்கிறார்கள்.
– வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: எல்லாம் போகவில்லை, ஒரு வழி குறுகியிருக்கிறது. அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரையின்படி அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்திருந்தால், அதன் விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் எடுக்கப்படாது என்கிறது 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் 13(1) ஆம் பிரிவு. மட்டக்களப்பிலும் கல்முனையிலும் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகங்கள் உள்ளன. முறைப்பாட்டைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்தால் போதாது. விசாரணை உண்மையில் நடந்துகொண்டிருக்கிறது என்பதை உயர் நீதிமன்றத்துக்குக் காட்ட வேண்டிவரும் என்பதால், ஆணைக்குழு அனுப்பும் ஒவ்வொரு கடிதத்தையும் பத்திரப்படுத்துங்கள். நட்டஈட்டு வழக்குக்கு இரண்டு ஆண்டுகள் உண்டு. குற்றவியல் வழக்குக்குப் பொதுவாக இருபது ஆண்டுகள், கொலைக்குக் காலவரையறையே இல்லை.

கேள்வி: இலங்கையில் எப்போதாவது ஒரு பொலிஸ்காரர் இப்படிப்பட்ட வழக்கில் தண்டிக்கப்பட்டதுண்டா? சட்டமா அதிபர் திணைக்களம் கோப்பை வைத்துக்கொண்டே இருந்தால் நாங்கள் என்ன செய்வது?
– இளைஞர், பொத்துவில்

பதில்: தண்டிக்கப்பட்டதுண்டு. 2009 ஆகஸ்டில் அங்குலானையில் இரண்டு இளைஞர்கள் பொலிஸாரால் பிடிக்கப்பட்டுப் பின்னர் சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கில், அந்தப் பொலிஸ் நிலையத்தின் முன்னாள் பொறுப்பதிகாரி உட்படப் பொலிஸார் நால்வருக்கு மேல் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. அங்கே ஊர் மக்கள் உடனடியாகத் திரண்டார்கள், விசாரணை வேறு பிரிவிடம் சென்றது, சாட்சிகள் பின்வாங்கவில்லை. இந்த மூன்றும் ஒன்றுசேர்வது அரிது. அதனால்தான் தண்டனையும் அரிது.

கோப்பு உறங்கினால் செய்யக்கூடியவை சில. நீதவான் நீதிமன்றத்தில் ஒவ்வொரு தவணையிலும் தோன்றி, விசாரணை முன்னேற்றத்தைப் பொலிஸாரிடம் கேட்குமாறு விண்ணப்பிப்பது முதலாவது. சட்டமா அதிபருக்கு எழுத்து மூலம் நினைவூட்டுவது, கோப்பு எந்த நாளில் அனுப்பப்பட்டது என்பதை 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்பது அடுத்தது. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 136(1)(அ) பிரிவின் கீழ் நீங்களே நீதவானிடம் தனிப்பட்ட முறைப்பாடு தாக்கல் செய்யவும் முடியும். ஆனால் தடயங்களைத் திரட்டும் பாரம் உங்கள் தலையில் விழும் என்பதால், இதைக் கடைசி வழியாகவே நான் பரிந்துரைப்பேன். வழக்குத் தொடர்வதில்லை என்று சட்டமா அதிபர் எடுக்கும் முடிவும் நீதிமன்ற மீளாய்வுக்கு அப்பாற்பட்டதன்று என்பதை உயர் நீதிமன்றம் 1998 இல் விக்டர் ஐவன் வழக்கில் ஏற்றுக்கொண்டது.

கேள்வி: என் மகன் பொலிஸ் கான்ஸ்டபிள். நாளைக்கு ஓர் ஆர்ப்பாட்டத்தில் மேலதிகாரி சுடச் சொன்னால் அவன் என்ன செய்வது? சுட்டாலும் குற்றம், சுடாவிட்டாலும் குற்றம் என்றால் சிறிய பதவியில் இருப்பவன் எங்கே போவான்?
– ஒரு தாய், மட்டக்களப்பு

பதில்: அம்மா, இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை என்பதால் உங்கள் கடிதத்தைக் கடைசிக்கென்று எடுத்து வைத்தேன். வெளிப்படையாகவே சட்டவிரோதமான ஓர் உத்தரவு, அதை நிறைவேற்றியவருக்குக் கேடயமாகாது. சட்டவிரோதமான கூட்டத்தைக் கலைக்க உத்தரவிடும் அதிகாரம் நீதவானுக்கும் பொலிஸ் பரிசோதகர் தரத்துக்குக் குறையாத அதிகாரிக்கும் உண்டு; கலைப்பதற்குப் பயன்படுத்தும் பலமும் நியாயமான அளவில் இருக்க வேண்டும். 1990 இல் ஹவானாவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட ஐக்கிய நாடுகளின் அடிப்படைக் கோட்பாடுகள், உயிரைக் காக்க வேறு வழியே இல்லாத நிலையில் மட்டுமே ஒருவரை உயிர்போகச் சுடலாம் என்கின்றன. சட்டவிரோதமான சூட்டு உத்தரவுக்குக் கீழ்ப்படிய மறுப்பவரைத் தண்டிக்கக் கூடாது என்றும் சொல்கின்றன.

2022 ஏப்ரல் 19 அன்று றம்புக்கனையில் எரிபொருள் விலையுயர்வை எதிர்த்துத் திரண்ட மக்கள் மீது பொலிஸார் சுட்டதில் ஒருவர் உயிரிழந்தபோது, கைதானவர்களில் சூட்டுக்கு உத்தரவிட்ட சிரேஷ்ட பொலிஸ் அத்தியட்சகரும் இருந்தார், சாதாரண கான்ஸ்டபிள்களும் இருந்தார்கள். ஆகவே பொறுப்பு மேலேயும் போகும், கீழேயும் நிற்கும்.

உங்கள் மகனுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். உத்தரவு யாரிடமிருந்து, எத்தனை மணிக்கு, எந்த வார்த்தைகளில் வந்தது என்பதைத் தன் குறிப்புப் புத்தகத்தில் அன்றே எழுத வேண்டும். வானொலித் தொடர்பில் வந்திருந்தால் அதையும் குறிக்க வேண்டும். பெற்ற தோட்டாக்களையும் திருப்பிக் கொடுத்தவற்றையும் பதிவேட்டில் தானே சரிபார்த்துக் கையொப்பமிட வேண்டும். சம்பவத்துக்குப் பின்னர் எல்லோரும் ஒரே மாதிரி எழுதுவோம் என்று யாராவது சொன்னால் அதற்கு உடன்படக் கூடாது. ஒருவர் எழுதிக் கொடுத்ததைப் பத்துப் பேர் பார்த்து எழுதிய வாக்குமூலங்களை நீதிமன்றங்கள் எளிதில் இனங்கண்டுகொள்ளும். விசாரணை வந்தால், மேலதிகாரிக்குத் தோன்றும் சட்டத்தரணியே தனக்கும் தோன்றுவதற்கு அவன் சம்மதிக்க வேண்டாம். உத்தரவிட்டவரின் தற்காப்பும் உத்தரவை நிறைவேற்றியவனின் தற்காப்பும் ஏதோவொரு தவணையில் ஒன்றோடொன்று மோதும். அன்றைக்கு அவனுக்கென்று தனியாக ஒரு சட்டத்தரணி இருக்க வேண்டும்.